ஃபோர் மைலில் இறங்காதவள்

ஒரு மழைக்காலக் காலையில், ஃபோர் மைல் நிறுத்தத்தில் கூட்டம் என்னை பஸ்ஸிலிருந்து தள்ளிய வேகத்தில், என் ஒரு கால் செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. பஸ் அதையும் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. என்னோடு வேலைக்கு வரும் மேவிஸ் அக்கா தன் செருப்பு இரண்டையும் கழற்றி என் காலருகே வைத்தாள். "போட்டுக்க. எனக்குச் சலவைக்கூடத்துல பூட்ஸ் இருக்கு" என்றாள். பாக்கு எச்சிலும் உடைந்த பாட்டிலும் கிடந்த சேற்றில் வெறுங்காலோடு நடந்து போய் அடுத்த பஸ்ஸில் ஏறினாள். அங்கே பூட்ஸ் எதுவும் கிடையாது என்பது, அவளோடு வேலை பார்த்த ஒருத்தி சொல்லி, ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, "அன்னைக்கு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

போன மாதம் எங்கள் சொந்த ஊர்ப் பக்கமான பொப்பண்டெட்டாவிலிருந்து அவள் இறந்த செய்தி வந்தது. நாங்கள் குடியிருக்கும் கெரெஹுவின் கோயிலில் அவளுக்காக ஜெபித்த குருவானவர், "பொறுமையும் சாந்தமும் உள்ள சகோதரி" என்றார். அவர் நல்ல மனிதர், ஊருக்குப் புதிது. ஆனால் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பொறுமையா? மேவிஸ் கோபக்காரி. ஆண்டவர் கொடுத்த கோபத்தை வீணாக்காமல் செலவழித்தவள். அவளைச் சாந்தமுள்ளவள் என்று சொல்லிப் புதைத்தால் அவளுக்கு அநியாயம் செய்தவர்கள் பிழைத்துப் போவார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

டவுனில் கடற்கரை ஓரமாக இருக்கும் ஒரு பெரிய ஓட்டலில் பத்தொன்பது வருஷம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள் மேவிஸ். நான் இரண்டு தெரு தள்ளி ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறேன். இருவரும் ஓரோ மாகாணத்துக்காரிகள், ஒரே குலம். அவள் எனக்கு அக்கா முறை. காலை ஐந்தரைக்கு கெரெஹுவில் பஸ் பிடிப்போம்.

பஸ் என்றால் எல்லோரும் குறை மட்டுமே சொல்வார்கள். மேவிஸ் அப்படி இல்லை. அவளுக்கு அந்தப் பயணம் பிடிக்கும். ஜன்னல் ஓரம் கிடைத்தால் மடியில் நூலைப் போட்டுக்கொண்டு, எங்கள் பெண்கள் தோளில் மாட்டுகிற 'பில்லும்' என்ற நூல்பை பின்னுவாள். வைகானி நிறுத்தம் வருவதற்குள் மூன்று வரிசை முடிந்துவிடும். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பாதி அவர்களுக்கு. ரேடியோவில் ஞானப்பாட்டு வந்தால் கூடவே பாடுவாள், சுருதி சேராது. எல்லாவற்றையும்விட, த்ரீ மைல் மேட்டைத் தாண்டி பஸ் இறங்கும்போது திடீரென்று கடல் தெரியும். அந்த நேரத்துக்குப் பின்னலை நிறுத்திவிடுவாள். "நாள் பூரா எனக்குச் சுவருதான். இதையாவது பாத்துட்டுப் போறேன்" என்பாள்.

அந்தக் கடலைத்தான் எங்களிடமிருந்து திருடினார்கள்.

இந்த நகரத்து பஸ்காரர்கள் செய்கிற வேலை இது. பஸ்ஸின் நெற்றியில் டவுன் என்று எழுதியிருக்கும். டவுனுக்கு என்றுதான் காசு வாங்குவார்கள். ஆனால் டவுனுக்கு நாலு மைல் முன்பே, ஃபோர் மைல் வந்ததும் நிறுத்திவிட்டு, "எறங்கு, எறங்கு, பஸ் இதோட சரி" என்று கதவைத் தட்டுவார்கள். அங்கே கெரெஹு பக்கம் போகிறவர்கள் கூட்டமாக நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டால் அதே நேரத்தில் இரண்டு நடை. நாங்கள் கீழே நின்று, முழங்கையால் இடித்து, இன்னொரு பஸ்ஸில் ஏறி, இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டும். அந்த பஸ்ஸில் நசுங்கி நிற்கிறவளுக்குக் கடல் எங்கே தெரியும்? ஆம்பளைகள் ஜன்னல் வழியாக ஏறுவார்கள். அந்த நெரிசலில் பையை அறுக்கிறவன் அறுப்பான், மார்பில் கை வைக்கிறவன் வைப்பான். கேட்க நாதியில்லை.

மேவிஸ் கேட்பாள். அவள் வாய்க்கு அந்தத் தடத்தில் எல்லா கண்டக்டர்களும் பயந்தார்கள்.

"உள்ள போங்கம்மா, உள்ள எடமிருக்கு" என்பான் ஒருத்தன்.

"எங்கடா இருக்கு? உன் வயித்துக்குள்ளயா?"

"பெட்ரோல் போட்டுட்டுப் போயிரலாம்மா."

"பஸ்ஸுக்குப் பசிக்குதாம். எங்களுக்கெல்லாம் வயிறு கெடையாதாம். கேட்டுக்கங்க சனங்களே!"

பஸ் முழுக்கச் சிரிக்கும். பாதிப் பேர் அவள் திட்டுவதைக் கேட்கவே அவள் ஏறும் பஸ்ஸில் ஏறினார்கள் என்று நினைக்கிறேன். அவள் இருந்தால் சில பஸ்கள் டவுன் வரை போய்விடும்.

ஆனால் ஒரே ஒரு பஸ்ஸில் அவள் வாயைத் திறக்க மாட்டாள். அதை ஓட்டினவன் அவள் மகள் ஃப்ளோராவின் புருஷன்.

எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் பெயரைச் சொல்ல மாட்டாள். அவனோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். அவனும் அப்படித்தான். அவள் பெயரைச் சொல்லக்கூடாது, அவளைத் தொடக்கூடாது, எழுந்து போ என்று சொல்லக்கூடாது. மேவிஸுக்கு மருமகன் என்றால் எனக்கும் மருமகன். அதனால் இங்கேயும் நான் அவன் பெயரை எழுதப் போவதில்லை.

பாதி நாள் அவன் பஸ்தான் காலையில் முதலில் வரும். நாங்கள் ஏறும்போது கண்ணாடியில் பார்ப்பான், மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொள்வான். ஃபோர் மைல் வந்ததும் மற்றவர்களைப் போலவே எங்களையும் கொட்டிவிட்டுத் திரும்பிவிடுவான். திட்ட முடியாது என்று அவனுக்குத் தெரியும். கண்ணிலே மரியாதை, ஸ்டீயரிங்கிலே திருட்டு. மற்ற டிரைவர்களை நான் மன்னித்திருக்கிறேன். இவனுக்காக எத்தனையோ முறை முழங்காலில் நின்று பார்த்தேன், மன்னிப்பு வரவில்லை.

இந்த நிலையில் ஓட்டலுக்கு ஒரு புது மேலாளர் வந்தான். ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டச் சொன்னான். மேவிஸுக்கு ஒரே மாதத்தில் இரண்டு எச்சரிக்கைக் கடிதம். இன்னொரு நாள் தாமதமானால் வேலை இல்லை என்று இரண்டாவதில் எழுதியிருந்தது. அந்த இரண்டு நாளும் எங்களை ஃபோர் மைலில் இறக்கியது யார் என்று சொல்லவே வேண்டாம்.

எங்களுக்கு வேலை இல்லாத ஒரு நாளில் அவளும் நானும் பஸ் உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நல்லவராகத்தான் தெரிந்தார்.

"தப்பு பஸ் மேலதான்னு நான் ஒரு கடிதம் தர்றேன் அம்மா. உங்க மேலாளர்கிட்டக் காட்டுங்க, வேலைக்குப் பயமில்ல. டிரைவர் பேரு என்ன?"

மேவிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேரு தெரியாதா?"

"தெரியும்."

"சொல்லுங்க."

"சொல்லக்கூடாது."

"மெரட்டுறானா?"

"என் பொண்ணைக் கட்டியிருக்கான்."

அவர் பேனாவைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"எனக்கும் மருமகன்தாங்க" என்றேன்.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மேவிஸ் விடவில்லை. "ஐயா, டிரைவருங்க பேரையெல்லாம் நீங்க வரிசையா வாசிங்க. அந்தப் பேரு வர்றப்ப நான் இருமுறேன்" என்றாள்.

"நானூறு பேரு இருக்காங்கம்மா! பேரு எழுதாத பாரத்தை நான் வாங்க முடியாது. வண்டி நம்பராவது குறிச்சீங்களா?"

நாங்கள் குறிக்கவில்லை. சொந்த மருமகன் வண்டிக்கு யார் நம்பர் குறிப்பார்கள்? எங்கள் புத்தி அவ்வளவுதான். பாரத்தைத் திருப்பித் தந்துவிட்டார். வெளியே வந்ததும் மேவிஸ் அதை நாலாக மடித்துப் பையில் போட்டாள். "நம்ம வழக்கத்துக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டான் தங்கச்சி" என்றாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலையும் முதலில் வந்தது அவன் பஸ்தான். மேவிஸ் கதவை ஒட்டிய முன் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னலை எடுக்கவில்லை. ஃபோர் மைல் வந்தது. பஸ் நின்றது. கண்டக்டர் குமா, சிம்பு என்ற மலை மாகாணத்துக்காரன், எங்கள் முறையெல்லாம் அவனுக்குக் கிடையாது, கதவைத் தட்டினான். எல்லோரும் எழுந்தோம். வெட்கத்தோடு சொல்கிறேன், முதலில் இறங்கியவளே நான்தான். பழக்கம். கீழே நின்று திரும்பிப் பார்த்தால் மேவிஸ் உட்கார்ந்தே இருக்கிறாள்.

"எறங்குங்கம்மா, பஸ் இதோட சரி" என்றான் குமா.

"ஏண்டா, போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"டவுன்."

"இது டவுனா?"

"ஆமான்னு வச்சுக்குங்க."

"அப்ப கடலை எங்கடா கொண்டு போயி வச்சீங்க?"

குமா தலையைச் சொறிந்தான். "டிரைவர் எறங்கச் சொல்றாரும்மா."

"டிரைவர் ஒண்ணும் சொல்லலையே! நானும் இங்கதான இருக்கேன். அவர் வாயைத் திறந்து 'எறங்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இந்த நிமிஷமே எறங்கிர்றேன்."

டிரைவர் நேரே முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவனால் சொல்ல முடியாது. தொட முடியாது. குமாவைத் தொடச் சொன்னால் அது டிரைவரே தொட்டதற்குச் சமம். அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. கெரேமா ஊர்க்காரப் பயணி ஒருவர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கத்தினார்: "தம்பி, பொண்ணு கட்டுறப்பவே இந்தக் கணக்கெல்லாம் போட்டிருக்கணும்!"

இறங்கியவர்கள் எல்லோரும் திரும்ப ஏறினோம். திரும்பிப் போகக் காத்திருந்தவர்களும் உள்ளே முண்டினார்கள். சண்டை, கூச்சல். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய், டயர் பக்கம் நின்று பாக்கை மென்று துப்பிக்கொண்டிருந்தான். மேவிஸ் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள். மாதாவே, நேரத்தை நிறுத்து என்று நான் ஜெபித்தேன். இருபது நிமிஷம். கடைசியில் அவன் ஏறி, ஒரு வார்த்தை பேசாமல், வண்டியை எடுத்தான்.

த்ரீ மைல் மேட்டைத் தாண்டிக் கடல் தெரிந்தபோது பஸ்ஸே கை தட்டியது. மேவிஸ் கடலைப் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்குப் போய்ச் சேரும்போது ஏழு பத்து. மேலாளரே வந்து நின்றான். பஸ் கதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்றான்.

"பத்தொம்பது வருஷம் ஐயா. பத்து நிமிஷம்."

"ஒரு நிமிஷமானாலும் ஒண்ணுதான். நான் தினமும் ஆறே முக்காலுக்கு வரலையா?"

அவன் வருவது ஓட்டல் கொடுத்த காரில், ஓட்டல் கொடுத்த டிரைவரோடு. அந்தக் கார் எந்த நாளாவது ஃபோர் மைலில் அவனைக் கொட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறதா? அங்கேயே அதைக் கேட்க என் நாக்கு எழவில்லை. இன்றைக்கும் அந்த வழியாக நடக்கும்போது அந்தக் கேட்டைப் பார்த்தால் பல்லைக் கடிக்கிறேன். தினமும் காலையில் ஜெபம் சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறேன். ஆனாலும் கடிக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஃப்ளோரா அழுதுகொண்டு வந்தாள். "பஸ் நிறைய ஆளுங்க முன்னாடி அவரைத் தலைகுனிய வச்சிட்டியேம்மா" என்றாள். அம்மாவுக்கு வேலை போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, முறைப்படி மாமியார் கோபம் தீர்க்க, மருமகன் ஒரு மூட்டை அரிசியும் நாலு கோழியும் அனுப்பினான். மேவிஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். "கோழியை எங்கிட்டக் கொண்டுவர வேணாம். பஸ்ஸை டவுனுக்குக் கொண்டு போகச் சொல்லு" என்றாள்.

அவன் கொண்டு போகவில்லை. அடுத்த வாரமே வேறு தடத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பதிலாக எங்கள் தடத்தில் இப்போது ஓட்டுகிறவனுக்கு நாங்கள் யாரும் மாமியார் இல்லை. ஃபோர் மைலில் கையைப் பிடித்து இழுத்து இறக்குகிறான்.

டவுனில் நாலைந்து இடத்தில் வேலை கேட்டாள் மேவிஸ். ஐம்பத்தாறு வயதுக்காரிக்கு யார் கொடுப்பார்கள்? வேலை இல்லாமல் கெரெஹுவில் வாடகை கொடுக்க முடியாது. மருமகன் வீட்டில் போய் உட்காருவதும் எங்களுக்கு முறையில்லை. ஊரில் அண்ணனுக்குத் தோட்டம் இருந்தது, அங்கே போக முடிவு செய்தாள். பொப்பண்டெட்டா விமானத்துக்கு நான்தான் அவள் பைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் நிற்கும்போது, "இனிமே உனக்கு நிம்மதிதான் அக்கா. பஸ் இல்ல, கேட் இல்ல" என்றேன்.

அவள் கையிலிருந்த பையைத் தரையில் பொத்தென்று வைத்தாள்.

"என்னடி நிம்மதி? எங்கண்ணன் ஊருக்கு பஸ்ஸே வராது. விடிஞ்சு எழுந்து நான் யாரைத் திட்டுறது, சொல்லு."