இரண்டும் இடது கை

மாடி அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. ஆனாலும் ஒரு வீட்டுக்கு அவர் தையல் டீச்சர், இன்னொரு வீட்டுக்கு ஒன்றுவிட்ட அத்தை, வேறொரு வீட்டுக்குப் பல் டாக்டரின் மனைவி.

உண்மையில் அவர் சட்டம் படித்தவர். கண்ணாடிக் கடைக்கு மேலே, பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்திருப்பார். வேலை செய்யும் இடத்தில் யாருடைய கையோ பேச்சோ எல்லை மீறி, அதை எங்கே போய்ச் சொல்வதென்று தெரியாத பெண்கள் அந்தப் படியேறி வருவார்கள். அவர் கதவைச் சாத்துவார், தண்ணீர் கொடுப்பார், அப்புறம்தான் கேட்பார். புகாரை யாரிடம் கொடுக்கலாம், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்காக வேலையைப் பறித்தால் என்ன செய்யலாம், எல்லாம் நிதானமாகச் சொல்வார். கொடு என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்.

"முடிவு உன்னோடது. நான் வழி சொல்றவ, அவ்வளவுதான்."

வந்துபோன பெண்ணை வெளியே எங்கே பார்த்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதது அவர் வழக்கம். "நீயா வந்து பேசினா பேசுவேன். பக்கத்துல ஆள் இருந்தா, நான் யாருன்னு நீயே சொல்லிக்கோ. நீ சொல்றதுதான் நான்." இதனால் தெருவில் அவருக்குத் தலைக்கனம் பிடித்தவர் என்று பெயர். மோட்டார் பழுதுபார்க்கும் கணவர் மட்டும் மாலையில் கேலி செய்வார்: "இன்னிக்கு நீ யாரு? சொன்னா நானும் அதுக்கேத்த புருஷனா நடந்துக்குவேன்ல?" அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

ஒருநாள், ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை செய்யும் பெண் வந்தாள். அவள் இஸ்திரி போடும்போது மேற்பார்வையாளன் பின்னால் வந்து ஒட்டி நிற்பான். இருபுறமும் துணி வண்டி, நகர வழியில்லை.

"புகார் குடுக்கணும் அக்கா. ஆனா அதுக்கு முன்னாடி வீட்ல நானா சொல்லணும். வேற யார் மூலமாவது எங்க அத்தை காதுக்குப் போச்சுன்னா, வேலையே வேணாம்னு உட்கார வெச்சிருவாங்க. அவன் பாட்டுக்கு நிம்மதியா இருப்பான்."

அடுத்த வாரமே சந்தையில் அந்தப் பெண்ணும் அவள் மாமியாரும் எதிரில் வந்தார்கள். மாடி அக்கா வெங்காயத்தை வெறித்துப் பார்த்தார். ஆனால் மருமகள் திடுக்கிட்டதை மாமியார் கவனித்துவிட்டார்.

"யாரு இவங்க?"

"தையல் டீச்சர், அத்தை."

"அடடே, நல்லதாப் போச்சு! எனக்கு ஒரு முழுக்கைச் சட்டை தைச்சுக் குடுங்களேன். இங்க இருக்கிற தையல்காரர் அக்குளைப் பிடிச்சு இழுக்கிற மாதிரியே தைக்கிறார்."

மறுநாளே பூப்போட்ட துணியும் அளவுச் சட்டையும் வீடு தேடி வந்தன. முடியாது என்றால் சந்தேகம் வரும். தையல்காரரிடமே கொடுக்கலாமென்றால், அவர் மாமியாரோடு தினமும் ஊர்க்கதை பேசுகிறவர். மாடி அக்கா ஒரு பழைய மெஷினை இரவல் வாங்கினார். கணவர் எண்ணெய் விட்டு ஓட வைத்தார். "தண்ணி மோட்டார் ஒண்ணு மாட்டித் தரவா? சீக்கிரம் முடியும்."

சட்டை முடிந்தது. மாமியார் வந்து போட்டுப் பார்த்தார். இடது கை சரியாக இருந்தது. வலது கை முதுகுப் பக்கமாக முறுக்கிக்கொண்டு போயிற்று. துணியைத் திருப்பிப் போடாமல் ஒரே வாட்டத்தில் இரண்டு கைகளையும் வெட்டிவிட்டிருந்தார் மாடி அக்கா.

"ஏம்மா, ரெண்டும் இடது கை! இதை யாருக்குச் சொல்லிக் குடுக்கறீங்க, வேண்டாதவங்களுக்கா?" கத்திவிட்டுச் சட்டென்று குரலைத் தணித்தார். "நீங்க டீச்சர் இல்ல. உண்மையைச் சொல்லுங்க, என் மருமகளுக்கு நீங்க யாரு?"

ஒரு வார்த்தை பிசகினாலும் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும்.

"டீச்சர்தாங்க. கொஞ்சம் மோசமான டீச்சர்."

மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டையைச் சுருட்டிக்கொண்டு போனார். மறுநாள் தெருவே சிரித்தது. "டீச்சர், எனக்கு ரெண்டு இடது காலோட ஒரு பேன்ட் கிடைக்குமா?" என்று தையல்காரர் கடைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். மாடி அக்கா காது சிவக்க நடந்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

சில நாளில் சலவைப் பெண் படியேறி வந்தாள். "சொல்லிட்டேன் அக்கா. அத்தைதான் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. 'அந்தப் பொம்பளை அத்தனை பேச்சு வாங்கியும் உன்னைப் பத்தி வாயே திறக்கல. அப்படிக் கட்டிக்காக்கிற விஷயம் சின்னதா இருக்காது. உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு'ன்னாங்க. அப்பவே எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

பின்னாலேயே மூச்சு வாங்கியபடி மாமியார் வந்து நின்றார், அதே சட்டையில்.

"விசாரணைக்கு நானும் கூடப் போலாமா? சட்டத்துல இடம் இருக்கா?"

"உள்ள விடறாங்களான்னு கேட்டுப் பார்க்கணும். வெளிய பெஞ்சுல உட்காரலாம்."

"அது போதும். அவன் என்னைத் தாண்டித்தானே உள்ள போகணும்?"

புகார் போயிற்று, விசாரணை நடந்தது. மேற்பார்வையாளனை வேலையை விட்டு அனுப்பினார்கள். சலவைப் பெண் இன்னும் அங்கேதான் இஸ்திரி போடுகிறாள்.

அதற்குப் பிறகு ஒரு மாலை, மாமியார் பக்கத்து வீட்டுக்காரியோடு எதிரே வந்தார். "அதோ, உங்க சட்டையைக் கெடுத்த டீச்சர்!" என்று பக்கத்து வீட்டுக்காரி கை காட்டினாள்.

மாமியார் மாடி அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இவங்களா? நான் பார்த்ததே இல்லையே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மாடி அக்கா தெருமுனை திரும்பும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.