பலாக்கட்டை கிடந்த வாசல்

உங்கள் பெரியப்பாவுக்கு இடது காது கேட்காமல் போனது வழுக்கி விழுந்ததால் அல்ல. நான் அடித்த அடியில். நீங்கள் மூன்று பேரும் வளர்ந்துவிட்டீர்கள். இனி மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

நம் போடியில் ஒரு நடிகர் இருந்தார். படங்களில் வில்லன் வேடம். சென்னையில் வீடு கட்டிய பிறகும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் இங்கே வந்துவிடுவார். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். கைலியும் பனியனுமாக முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். சனங்கள் முகத்துக்கு நேரே வைவார்கள்.

"அந்தப் புள்ளைய எதுக்குய்யா மலையிலருந்து தள்ளிவிட்ட, நாசமாப் போறவனே?"

"தள்ளிவிடச் சொல்லித்தான் ஆத்தா சம்பளம் குடுத்தாக. காப்பியக் குடி, தெம்பா வைவ."

வாசலில் பெரிய பலாக்கட்டை ஒன்று கிடந்தது. ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர்களின் இடுப்பில் வாக்கத்தி இருக்கும். புதர் வெட்டுகிற கனத்த கத்தி; மலையாளத்தார் வைத்த பேர்தான் நமக்கும். இடுப்பில் கத்தியோடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவது மரியாதை இல்லை. அதனால் வாசலிலேயே உருவி, அந்தக் கட்டையில் ஒரு கொத்துக் கொத்தி நிறுத்திவிட்டு உள்ளே போவார்கள். சில நாள் பத்துக் கத்தி நிற்கும். யாரும் பயந்ததில்லை.

அண்ணனுக்குப் போடிமெட்டுக்கு மேலே தோட்ட வேலை. ஒரு பொங்கலுக்குத் தன் மூத்த மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். நடிகர் அவளை மடியில் உட்கார வைத்து, "இவ கல்யாணத்துக்கு நான் வந்து தாலி எடுத்துக் குடுக்குறேன். வெத்தல பாக்கோட வந்து ஒரு வார்த்த சொல்லு, போதும்" என்றார். அண்ணன் அதை மலை முழுக்கச் சொன்னார்.

எண்பதுகளில் ரசிகர் மன்றங்கள் பெருத்தன. ஏலக்காய்க் கடையில் சல்லடை போடும் சோலி முடிந்தால் நான் நேராக நடிகரின் மன்றத்துக்குத்தான் போவேன். அவரோடு நடிக்கும் கதாநாயகனின் மன்றத்தாரோடு சுவரொட்டிக்காகச் சண்டை. சைக்கிள் செயினால் ஒருவன் வாயைக் கிழித்திருக்கிறேன். இரண்டு பற்கள் என் காலடியில் விழுந்தன. அதைப் பேசிப் பேசிச் சிரித்தோம். பதிலுக்கு அவர்கள் எறிந்த சோடா பாட்டில் நடிகரின் தாயார் நெற்றியில் வெடித்தது. அதன் பிறகு ஆள் உயரச் சுவர் எழும்பியது, இரும்பு கேட்டு வந்தது. பலாக்கட்டையைப் பிளந்து அடுப்பெரித்தார்கள். மன்றத்தில் எட்டுப் பேர் கையில் கம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். அதில் நானும் ஒருவன். எனக்கு அது பெருமையாக இருந்தது.

சுவர் எழும்பிய பிறகு அண்ணன் அந்தப் பக்கம் வந்ததில்லை. அவர் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. நடிகர் தாலி எடுத்துக் கொடுக்கப்போகிற கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். அவர் வராவிட்டால் அண்ணனுக்குத் தலை நிமிராது. நான் பேசி உள்ளே கூட்டிப்போகிறேன் என்றேன்.

"வாக்குக் குடுத்தவரு அவரு. எனக்கு எதுக்குடா ஒன் சிபாரிசு?" என்றார்.

திருவிழாவுக்கு நடிகர் வந்திருந்தார். அவரை வெட்ட ஆள் வருகிறான் என்று காலையிலிருந்தே பேச்சு. தூறல். சாக்கைத் தலைக்கு மடித்துப் போட்ட ஒரு மலைக்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் போனான். எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. குனிந்து தரையில் எதையோ தேடினான். பிறகு இடுப்பிலிருந்து வாக்கத்தியை உருவினான்.

"வெட்ட வந்துட்டான்டா."

முதல் அடி என்னுடையது. கம்பை இரண்டு கையாலும் ஓங்கி, சாக்கோடு சேர்த்துக் காதோரம் இறக்கினேன். மட்டை பிளக்கிற சத்தம் கேட்டது. ஆள் முழங்கால் மடிந்து விழுந்ததும் மற்றவர்கள் பாய்ந்தார்கள். ஒருவன் அந்த ஆளின் விரல்களின் மேல் ஏறி நின்று கத்தியைப் பிடுங்கினான். ஒருவன் விலாவில் மிதித்தான். நான் இன்னொரு அடிக்கு ஓங்கினேன். மடியிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகைகளும் வெற்றிலையும் சேற்றில் சிதறின.

"தம்பி, கத்திய வைக்கத்தான் எடுத்தேன். கட்டையக் காணோம்."

சாக்கு விலகியிருந்தது. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு ஓடியது. நான் அவர்மேல் விழுந்து கத்தினேன். அதற்குப் பிறகும் நாலு மிதி விழுந்தது. இரண்டு என் முதுகில்.

"ஒங்கண்ணனா மாப்ளே? மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றான் பக்கத்தில் நின்றவன். கம்பில் ஒட்டியிருந்த முடியை அவன் துடைத்துக்கொண்டிருந்தான்.

மாடியில் நடிகர் வந்து எட்டிப் பார்த்தார். "பத்திரிக்க வைக்க வந்தவருய்யா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்குக் கேட்டதா, தெரியாது. "போலீசுல ஒப்படைங்க" என்று சொல்லிவிட்டு சன்னலைச் சாத்திக்கொண்டார். ஒரு காலத்தில் அண்ணனுக்குத் தன் கையால் காப்பி ஆற்றிக் கொடுத்தவர். அவரை மட்டும் குறை சொல்லி என்ன? அவர் தாயார் நெற்றியில் பதினோரு தையல். அந்தச் சண்டையை வளர்த்தவர்களில் நானும் உண்டு.

அண்ணனைப் போலீசிடம் விடவில்லை. ஏலக்காய் லோடு ஏற்ற வந்த ஜீப்பில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

கல்யாணத்தன்று தலையில் கட்டோடு அண்ணன் வாசலில் நின்றார். தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் படியில் வழுக்கி விழுந்துவிட்டதாக எல்லாரிடமும் சொன்னார். நடிகருக்கு ஷூட்டிங் என்றார். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "வில்லன நம்பலாமாய்யா?" என்று கேட்டு ஊரைச் சிரிக்க வைத்தார். அண்ணனும் சிரித்தார். விலா வலித்திருக்கும், ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

முகூர்த்த நேரத்தில் தாலித் தட்டோடு என் முன்னால் வந்து நின்றார்.

"எடுத்துக் குடு."

"நானாண்ணே? வேணாம்ணே."

"ஒன் கைக்கு என்ன? நல்லாத்தான இருக்கு. வெரசா எடு, நேரமாகுது."

எடுத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவரும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நீங்கள் அவரிடம் பேசும்போது வலது பக்கமாகப் போய் உட்காருங்கள். இடது பக்கம் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.