சுபேதாரைக் கொன்றது யார்

எங்கள் கதையில் சுபேதார் செத்துக் கிடந்த நாளில், அண்ணனின் இடது கையில் இரண்டு ஊசிகள் ஏறியிருந்தன. சேலத்தில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் அறை. அவர் கட்டிலில் படுத்திருந்தார். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியில் தட்டிக்கொண்டிருந்தேன். பிணத்தை எங்கே போடலாம் என்று கேட்டேன். விண்கப்பலின் உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே ஒரு சின்ன அறை இருக்குமே, அங்கே போடு என்றார். முழு உடுப்போடு, தலைக்கவசம் மாட்டியபடி.

"கீழ உழுந்து கெடக்கக் கூடாது அம்மிணி. டூட்டில இருக்கறவனாட்ட உக்காந்திருக்கோணும்."

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அண்ணன் இருபது வருடத்துக்கு மேல் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தவர். பனிமலையிலும் பாலைவனத்திலும் லாரி என்ஜின்களுக்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் எருமப்பட்டிக்கு வந்து எங்கள் காட்டில் சின்ன வெங்காயம் போட்டார். அவருக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. நான் ஒரே தங்கை, நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே ஒரு கோழிப்பண்ணை ஆபீசில் வேலை பார்க்கிறேன். கால் வீங்குவதைக் காட்டுவேலையின் அலுப்பு என்று நினைத்து அண்ணன் நாள் கடத்தியிருக்கிறார். மருத்துவமனைக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றிருந்தன. அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் சேலம். புதன்கிழமை அண்ணி கூடப் போவார், ஞாயிற்றுக்கிழமை நான்.

நான் கைபேசியில் தொடர்கதை எழுதுகிறவள். மாமியார், மருமகள், பிரிந்த காதல் என்று எழுதுவேன், கொஞ்சம் பேர் படிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதில் ஒன்றைப் படித்துவிட்டு, இதில் ஒருத்தருக்கும் வேலைவெட்டியே இல்லையா என்று கேட்டார். பட்டாளத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எனக்குப் பட்டாளம் தெரியாது, தப்பாக எழுதினால் சிரிப்பார்கள் என்றேன். அப்படியானால் பட்டாளத்தை ஆகாயத்துக்குக் கொண்டுபோய்விடு, அங்கே வந்து தப்புக் கண்டுபிடிக்க ஆள் கிடையாது என்றார். அப்படித்தான் அது தொடங்கியது. சனிக் கிரகத்துக்கு அப்பால் நடக்கிற ஒரு போர், எல்லைச்சாவடிக்குப் போய்க்கொண்டிருக்கிற ஒரு பழைய கப்பல், அதில் ஒரு கொலை.

கதையில் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. பதவியும் நம்பரும்தான். அது அண்ணனின் யோசனை. பட்டாளத்தில் பாதிப் பேரின் பெயர் தனக்குக் கடைசிவரை தெரியாது என்றார். கொலையைத் துப்புத் துலக்க வருகிற பெண் அதிகாரியை நான் உண்டாக்கினேன். மற்றதெல்லாம் அவர் கொடுத்தது. காலை வரிசையில் ஆள் எண்ணுவது, தட்டைக் கழுவிச் சொந்த நம்பர் போட்ட கொக்கியில் மாட்டுவது, ஊருக்குப் பேச முடியாத மாதங்களில் ஆட்கள் எதற்கெல்லாம் சண்டை போடுவார்கள் என்பது. கப்பலில் காற்றை அளந்துதான் கொடுப்பார்கள் என்று அவர்தான் வைத்தார். அப்போது அவருக்கே தண்ணீரை அளந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தோம். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொள்வார்.

நான் எழுதிய எதையும்விட இதை நிறையப் பேர் படித்தார்கள். எங்கள் பண்ணையில் முட்டை வண்டி ஓட்டுகிறவர்கூடப் படித்தார். சமையல்காரன்தான் கொன்றான், இல்லை டாக்டர்தான் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அவற்றை நான் அண்ணனுக்கு வாசித்துக் காட்டுவேன். இயந்திரம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, சமையல்காரன் செய்ய மாட்டான், அவனுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது என்பார். யார் கொன்றது என்று நாங்களே முடிவு செய்யவில்லை. காற்றைத் திருடி விற்கிற ஸ்டோர் அதிகாரி மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. அண்ணன் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்றார். ரத்த வகை பொருந்தியது. எங்களுக்கெல்லாம் உயிர் வந்த மாதிரி இருந்தது. அடுத்த பரிசோதனையில் அண்ணிக்கே சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. எத்தனை காலமாக இருந்ததோ, அவருக்கே தெரியவில்லை. எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்னுடைய ரத்தம் பொருந்தவில்லை. இறந்தவர்களிடமிருந்து கிடைத்தால் தருவோம் என்று வரிசையில் அண்ணன் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அண்ணி தான் ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர்போலத் தலை குனிந்தே வந்தார். அண்ணன் அவரைத் தேற்றினார். ஆனால் அதற்குப் பிறகு அண்ணன் ஆளே மாறிவிட்டார். வாசகர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்பதை நிறுத்தினார்.

சில வாரங்கள் கழித்து, சேலத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸில், மல்லூரைத் தாண்டியதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"அவன ஆரும் கொல்லல அம்மிணி."

யாரை என்று கேட்டேன்.

"சுபேதாரத்தான். காத்து எல்லாத்துக்கும் பத்தாதுன்னு அவனுக்குத் தெரியும். போயி உள்ள உக்காந்து, கதவச் சாத்திக்கிட்டு, அவனே காத்துக் கொழாயக் கழட்டிட்டான்."

"கொலைக் கதைன்னா கொன்னவன் ஒருத்தன் வேணுமுங்ணா. இல்லீனா படிக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"நடந்தத எழுது. ஒத்துக்காட்டிப் போறாங்க."

நீங்கள் கதையைத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ராசிபுரம் வரும்வரை திறக்கவில்லை.

அந்த வாரம் நான் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தை வேறு விதமாக எழுதினேன். ஸ்டோர் அதிகாரி பிடிபட்டான், திருடிய காற்று உருளைகள் கிடைத்தன, கப்பலில் எல்லோருக்கும் காற்று போதுமான அளவு இருந்தது. அண்ணனிடம் கேட்காமலே அதை வெளியிட்டேன். படித்தால் கோபப்பட்டாவது என்னோடு சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. புதன்கிழமை அண்ணி போனில் அழுதார். அண்ணன் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, சேலத்துக்கு இனி வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம்.

நான் போனபோது வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். கெஞ்சினேன், திட்டினேன், வரிசையில் பெயர் இருக்கிறதே, நாளைக்கே கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்றேன்.

"எனக்கு முன்னால நிக்கறவங்களுக்கே இன்னும் கெடைக்கல அம்மிணி. போனா ஊசி, வந்தா படுக்க. இவளும் என்னோட அலஞ்சு அலஞ்சு ஓஞ்சு போனா. உடு."

அண்ணி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டருக்குப் போன் போட்டு அண்ணனிடம் கொடுத்தேன். அவர் நீண்ட நேரம் பேசினார். அண்ணன் மரியாதையாக, சரிங்க சார், சரிங்க சார் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வைத்ததும் போனை என்னிடம் நீட்டினார். அவ்வளவுதான்.

முதல் சில நாட்கள் நன்றாகவே இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்த இளநீரைக் கேட்டு வாங்கி, முழுசாகக் குடித்தார். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். நானும் அண்ணியும் பார்த்துக்கொண்டிருந்தோம். தடுக்க முடியவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவைப் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

பிறகு உடம்பு ஊதத் தொடங்கியது. படுத்தால் மூச்சு வரவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தார். கதையில் சுபேதார் சத்தமில்லாமல் போய்விட்டார். அண்ணனுக்கு அப்படி வாய்க்கவில்லை. ஒரு நாள் காலையில் அண்ணியின் கையை இறுகப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காரில் கிளம்பினார்கள். நாமக்கல் பைபாஸில் நான் ஏறிக்கொண்டேன்.

பின்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம். நாமக்கல்லிலேயே ஏதாவது ஒரு மருத்துவமனைக்குப் போகலாமா என்று அண்ணி கேட்டார். அண்ணன் வேண்டாமென்று தலையை ஆட்டி, சேலம், சேலம் என்றார். அவருக்குத் தெரிந்த இயந்திரம் அங்கேதான் இருந்தது. என் முகத்தைப் பார்த்து, "சீக்கிரம் போச் சொல்லு அம்மிணி. நான் சாவக் கூடாது" என்றார். அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை.

ராசிபுரம் திருப்பத்துக்கு முன்னால், எங்கள் இருவர் கையையும் பற்றியிருந்த அவர் பிடி தளர்ந்தது. அண்ணிக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. இருவருமே டிரைவரிடம் சொல்லவில்லை. அவர் ஹாரனை அடித்துக்கொண்டு, லாரிகளை ஒதுக்கிக்கொண்டு, வேகமாகப் போய்க்கொண்டே இருந்தார்.

கதையை நான் முடிக்கவில்லை. வெளியிட்ட கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். யார்தான் கொன்றது என்று சில காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பிறகு கேட்பதும் நின்றுபோனது. அண்ணன் சொன்ன முடிவையும் எழுத முடியவில்லை. கடைசியில் அவரே அதை நம்பவில்லை என்பதைக் காரில் பார்த்துவிட்டேன்.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு, அண்ணி பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு நாள் முன்னாடி கெளம்பியிருந்தாப் பொழச்சிருப்பாருங்களா?"

தெரியவில்லை என்றேன்.

"அவரு வேண்டாம்னப்பவே நான் கையக் காலக் கட்டியாச்சும் இழுத்துட்டுப் போயிருக்கோணுமா?"

அதற்கும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். இப்போதும் எருமப்பட்டிக்குப் போகும்போதெல்லாம் அண்ணி காப்பி கொடுத்துவிட்டு அதே இரண்டு கேள்விகளைக் கேட்கிறார், அதே வரிசையில், புதிதாகக் கேட்பவர்போல. நான் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டேன்.