துப்பட்டாவில் மிஞ்சிய சின்ன மணிகள்

இன்று காலை தேவாரம் போகிற பஸ்சில் என் பக்கத்தில் ஓர் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, அவருடைய மகள் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

போடியைத் தாண்டியதும் அந்த அம்மாவின் விரல்கள் என் துப்பட்டாவின் ஓரத்துக்கு வந்தன. அதில் பெரிதும் சிறிதுமாக மணிகள் தொங்கும். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே மணிகளைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

மகள் பதறிப்போனார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. மண்டையில ரத்தம் கட்டுனதுலருந்து இப்படித்தான். சீப்பக் கொடுத்தா என்ன செய்யன்னு தெரியாம வாயில வச்சுருது."

"முன்னால என்ன வேலை பார்த்தாங்க?"

"மலையில ஏலக்கா எடுக்குற சோலிதான். ஏலக்காச் சரத்தையே கையில கொடுத்து, எடுத்துக் காட்டும்மான்னு கேட்டுப் பாத்தேன். முழிக்குது. சொன்னா செய்ய வராதாம், கை தானாச் செஞ்சாத்தான் உண்டாம். டாக்டரு சொன்னாரு."

நான் துப்பட்டாவைப் பார்த்தேன். அவர் கை போன இடமெல்லாம் பெரிய மணிகளைக் காணோம். சின்ன மணிகள் அப்படியே இருந்தன.

மகளும் பார்த்தார். "வெளஞ்ச காய மட்டும் எடுத்துட்டு, பிஞ்ச விட்டுருக்கு" என்றார், மெதுவாக.

துப்பட்டாவை இழுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அவர்கள் சிலமலையில் இறங்கி நடக்கும்போதும், மகளின் தோளில் கிடந்த அந்தக் கை காற்றில் பறித்துக்கொண்டே போனது.

எல்லாம் மறந்துபோன பிறகு என் கை எதைச் செய்துகொண்டிருக்கும் என்று அப்போதிருந்து யோசிக்கிறேன். அநேகமாக என் கட்டைவிரல், போன் இல்லாத வெறும் உள்ளங்கையை மேலே மேலே தள்ளிக்கொண்டு கிடக்கும்.

உங்கள் கை?