ஒன்பதாம் நாளில் பூண்டு

ஊறிய லில்லி மொட்டுகளைக் கைகள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தன. காம்பில் கடினமான நுனி தட்டுப்பட்டால் நகத்தால் கிள்ளி எறிந்தன. பக்கத்துக் கிண்ணத்தில் காய்ந்த காளான், நேற்றிலிருந்து குளிர்ந்த நீரில் ஊறியது. வெந்நீரில் அரை மணி போதும். ஆனால் மணம் நீரோடு போய்விடும். இதைப் பிரேமலாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மலேசியாவின் பொந்தியான் ஊரில் இந்தச் சீன சைவக் கடையில் பத்தொன்பது வருடம் கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

அன்று சீனர்களின் ஒன்பது நாள் விரதத்தில் கடைசி நாள். இறைச்சி மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட ஆகாது. கணவரின் இதய அறுவை சிகிச்சைக்காக விரதம் இருக்கும் லிம் அம்மாள் பதினோரு மணிக்கு வந்து, கோயிலுக்குச் சாப்பாடு எடுத்துப் போவார்.

சிவப்பாகப் புளிக்கவைத்த தவ்ஃபூ என்னும் சோயாக் கட்டியை இஞ்சியோடு வதக்கி, பாதிக் காளானையும் மொட்டுகளையும் சோயாத் தோலையும் சேர்த்தார். தீயைத் தணித்துவிட்டு, சோஹூன் சேமியா எடுக்க ஸ்டோருக்குப் போனார். திரும்பும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு பூண்டு போட்டது?"

புதிதாக வந்த மேற்பார்வையாளர் ரூபேந்திரன் கரண்டியோடு நின்றான். "நான்தான்க்கா. பொரிச்ச பூண்டு, ரெண்டு கரண்டி. வாசமே இல்ல, அதான்."

"விரதச் சாப்பாடுன்னு காலைல சொன்னேன்ல?"

"விரதம்னா சைவம்தானே லா. எங்க வீட்ல புரட்டாசி சாம்பாருக்கே பூண்டு போடுவாங்க. பூண்டு எப்பக்கா கறியாச்சு?"

"அது உங்க வீட்டு விரதம். அவங்களுக்கு ஆகாது."

"சரி, பொறுக்கி எடுத்துடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

தெரியாமல் செய்ததைப் பொறுத்திருப்பார். இந்தக் கேள்வியைப் பொறுக்க முடியவில்லை. சமையலறைக்குள் எட்டிப் பார்க்க முடியாத ஒருத்தி, வாயில் வைப்பதை நம்பி எட்டு நாள் கடந்திருக்கிறாள். அவளை ஏமாற்ற இரண்டு கரண்டி போதும் என்கிறான்.

"உன் வாசத்துக்காக அந்தம்மா சாமிகிட்ட பொய் சொல்லணுமா?"

சட்டியைத் தூக்கிக் குப்பை வாளியில் கவிழ்த்தார்.

"அக்கா, முதலாளி கேட்டா?"

"நான் கொட்டினேன்னு சொல்லு. ஏன் கொட்டினேன்னும் சொல்லு."

சட்டியை மூன்று முறை தேய்த்துக் கழுவினார். மீதிக் காளான் லிம் அம்மாளுக்கும் இன்னொரு ஆளுக்கும்தான் வரும்; மற்ற வாடிக்கையாளர்களுக்குப் போதாது. வெந்நீரில் புதிதாக ஊற வைக்கலாம் என்றான் ரூபேந்திரன். பிரேமலா வெளியே போய், அன்றைய உணவுப் பட்டியல் பலகையில் இருந்த அந்தப் பதார்த்தத்தின் பெயரை அழித்துவிட்டு வந்தார். பிறகு இஞ்சியை முதலிலிருந்து அரிந்தார்.

பதினொன்றே கால் ஆனபோது லிம் அம்மாள் நாற்காலியில் காத்திருந்தார். பிரேமலா மலாயில் சொன்னார்: "உங்க சாப்பாட்டில பூண்டு விழுந்திருச்சு. கொட்டிட்டு மறுபடி சமைச்சேன். அதான் நேரமாச்சு."

அடுக்குப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த ஈரத்தைத் துடைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.