குங்குமம் ரேஸுக்கு, விபூதி ரோட்டுக்கு

1. துரை விட்டுப்போன வண்டி

வெள்ளைக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வருஷம். தாராவியில் குடியிருந்து, மாட்டுங்காவில் அண்ணாச்சி நடத்திய மோட்டார் பட்டறையில் நான் ஸ்பிரிங் வேலை பார்த்தேன்.

இப்போதுள்ள பிள்ளைகள் சஸ்பென்ஷன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு அது இரண்டு சாமான். பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் பள்ளத்தில் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக்கர். அப்போதைய ஷாக்கரின் நடுவில் ஒரு கைத்திருகு இருக்கும். இறுக்கினால் வண்டி விறைத்துக்கொள்ளும், வளைவில் சாயாது. இளக்கினால் மெத்தென்று போகும், வளைவில் ஆடும். அவ்வளவுதான் சூத்திரம்.

வைத்தியநாதன் சாருக்குக் கப்பல் கம்பெனியில் உத்தியோகம். சீமைக்குக் கிளம்பிய அவருடைய துரை, இரண்டு பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சல்லிசாக அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். சார் அதை மனைவியோடு பட்டறைக்கு ஓட்டி வந்தார்.

"சண்முகம், ஞாயித்துக்கிழமை கார்த்தால பழைய ஏரோட்ரோம்ல ரேஸ். மத்தியானம் தாதர் ஸ்டேஷன்ல மாமியார் வந்து எறங்கறா. ரெண்டுக்கும் இதே வண்டிதான்."

அவர் மனைவி கமலம் அம்மாள் மீதியைச் சொன்னார். "எங்கம்மா ஒரு தரம் முகத்தைச் சுளிச்சாலும் போறும், திங்கட்கிழமையே இதை வித்துடணும். சத்தியம் பண்ணிருக்கார்."

சார் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏல, ரேஸு வேற, மாமியா வேற. ரெண்டையும் ஒரே வண்டில வச்சுக் கட்டாத," என்றார் அண்ணாச்சி. நான் கேட்டால்தானே. அந்த வயதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி.

பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடச் சேர்த்தேன். ஷாக்கருக்குள் புதுத் தட்டுகள் போட்டேன். ஓட்டிப் பார்த்து, ரேஸுக்கு எவ்வளவு இறுக்கம், ரோட்டுக்கு எவ்வளவு இளக்கம் என்று நான்கு திருகிலும் கண்டுபிடித்தேன். அடையாளம் வைக்கத் தேடினால் பெயிண்ட் காய்ந்து கல்லாகக் கிடந்தது. பட்டறைச் சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமம், விபூதிக் கிண்ணங்கள் கண்ணில் பட்டன. இரண்டையும் விளக்கெண்ணெயில் குழைத்துத் திருகைச் சுற்றி அந்தந்த அளவுக்கு நேரே பொட்டு வைத்துவிட்டேன்.

"சார், திருகோட முனை குங்குமத்துக்கு நேரா வந்தா ரேஸு. விபூதிக்கு நேரா வந்தா ரோடு."

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"பக்கம் எதுக்கு சார், பொட்டைப் பாத்துத் திருப்புங்க."

அந்தப் பதிலுக்கு யாராவது என்னை அப்போதே ஒரு அறை விட்டிருக்கலாம்.

2. பூஜை

ஞாயிறு விடிந்ததும் கமலம் அம்மாள் குளித்துவிட்டு வண்டிக்குப் பூஜை போட்டார். பானெட், ஹாரன், சக்கரம் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே குனிந்தவர் ஷாக்கரைப் பார்த்திருக்கிறார். பட்டறைக்காரர்கள் பூஜையைப் பாதியில் விட்டுவிட்டதாக நினைத்து, நான்கு திருகுக்கும் சுற்றி விபூதி பூசி, மேலே தாராளமாகக் குங்குமம் வைத்துவிட்டார்.

ரேஸ் மைதானத்தில் சார் குனிந்து பார்த்தால் எல்லாமே குங்குமம், எல்லாமே விபூதி. குத்துமதிப்பாக ஒரு பக்கம் திருப்பினார். அது இளக்குகிற பக்கம். வளைவுக்கு வளைவு வண்டி படகாக ஆடியது. நாலாவதாக வந்தார். ஓடியது நாலு வண்டி.

தப்பாகத் திருப்பிவிட்டோம் என்று புரிந்ததும், இந்த ஆட்டத்துக்கு மாமியார் முகம் சுளிப்பார் என்று பயந்து, திருகு மேற்கொண்டு நகராமல் நிற்கும்வரை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நேரே தாதர் போனார்.

மூட்டை முடிச்சுகளை ஏற்ற விக்டோரியா குதிரைவண்டியோடு நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மாமியாரை ஏற்றிக்கொண்டு கார் கிளம்புவதைப் பார்த்ததுமே திருகு முழுக்க இறுகிக் கிடப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த அம்மாளின் கொண்டை சீட்டின் முதுகுக்கு மேலே எழும்பி எழும்பி இறங்கியது. சாமான்களோடு பின்னாலேயே போன நான் சத்தம் போட்டும் சாருக்குக் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் கமலம் அம்மாள் தாயாரின் முகத்தையே பார்த்தார். சாரும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ரொம்பத் தூக்கிப் போட்டுதாம்மா?"

"போடி. ரெண்டு ராத்திரி மூணாங்கிளாஸ் பலகை. அதுல பாதி தூரம் டிரங்குப் பொட்டி மேல. அதுக்கு இது சொர்க்கம். மாப்ளே, சாயங்காலம் கோவிலுக்கும் இதுலயே போலாம், என்ன?"

சாரின் கண் கலங்கிவிட்டது.

3. நான் செய்த உபகாரம்

எல்லோரும் உள்ளே போனார்கள். நானும் பேசாமல் போயிருக்கலாம். தூங்கி எழுந்தால் அந்த அம்மாளுக்கு இடுப்பு வலி தெரியும், சாயங்காலம் கட்டாயம் முகம் சுளிப்பார் என்று என் புத்தி கணக்குப் போட்டது. யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்து நான்கு திருகையும் இளக்கி, ரோட்டுக்குச் சரியான அளவில் வைத்தேன். கச்சிதமான வேலை. இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை சார், வண்டியை வாங்கப்போகிற ஒருவரோடு பட்டறைக்கு வந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"என்னத்தைச் சொல்றது. மத்தியானம் சொர்க்கம்னா. சாயங்காலம் தொட்டில் மாதிரி ஆடறது, வயத்தைப் பெரட்டறதுன்னு பாதி வழியிலயே எறங்கி நடந்துட்டா. முகத்தைச் சுளிச்ச சுளிப்பை நீ பாத்திருக்கணும்."

வண்டி அன்றைக்கே கைமாறியது. சார் பழையபடி லோக்கல் ரயிலில் ஆபீஸ் போனார். பார்க்கும்போதெல்லாம், "நாக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறறது, சண்முகம்," என்று மாமியாரைத் திட்டுவார். நானும் ஆமாம் சார், ஆமாம் சார் என்று தலையாட்டுவேன்.

தம்பிகளா, உங்களுக்குச் சொல்கிறேன். ஏறி இறங்கியவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அந்த வண்டியில் கை வைக்காதீர்கள். இதை எப்படிக் கற்றேன் என்று அந்த மனிதரிடம் மட்டும் கடைசிவரை எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.