எங்கள் பக்கத்து வசனங்கள்

அன்று அங்கே யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பாடகர்கள் பதினொரு பேர், அவர்களில் நானும் ஒருவன். எங்களை நடத்தும் கேத்தரின், ஒஸ்லோவில் கலியாணம் முடித்துத் தங்கிவிட்ட ஆங்கிலேயப் பெண். எனக்கு வலது பக்கத்தில் செல்வின் அண்ணை. கேட்க வந்தவர்கள் இருபது, இருபத்தைந்து பேர் இருக்கும், கடைசி வரிசையில் என் அம்மா. எங்கள் பாடகர்களில் வராதவர் ஒரே ஒருவர், ஆர்னே. அவர் அந்த நேரம் ஒஸ்லோவின் ஓரத்துப் புருசெத்தில் தன் வீட்டுக் குசினியில், சமையலறை மேசையடியில் இருந்தார். அதில் சந்தேகமே இல்லை, மனைவி பெரித் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

பேய், ஆவி என்றெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. நான் பொறியியல் படிக்கிறவன். அம்மா கோயிலில் வாங்கிக் கட்டிவிடும் நூலைச் சோதனை மண்டபத்துக்குப் போகும்போது சட்டைக் கைக்குள் தள்ளி மறைக்கிறவன். உண்மையில் நான் பேய்க்கதை சொல்ல வரவில்லை. நான் செய்த ஒரு கேவலமான காரியத்தைச் சொல்ல வந்தேன், அதற்கு நடுவில் இது வந்து நிற்கிறது, இதை விலத்திக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். ஐயாவும் அம்மாவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே எழுத்துக் கூட்டும் வயதைத் தாண்டியவர்கள். பதினொரு வயதிலிருந்து கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் என் கையில்தான் வந்து விழும். பாதி விளங்காது. விளங்கவில்லை என்றால் ஐயாவின் முகம் வாடிப்போய்விடும், அதனால் தலையை ஆட்டிக்கொண்டு, "ஒண்டுமில்லை ஐயா, சும்மா அறிவித்தல்" என்று சொல்லிவிடுவேன். தெரியாது என்ற சொல் என் வாயிலிருந்து கழன்று போனது அப்படித்தான்.

செல்வின் அண்ணை நாகர்கோவில்காரர், நான் பகுதிநேரம் வேலை செய்யும் அலுவலகத்தில் கணினி வேலை. சாப்பாட்டு அறையில் நான் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நின்றதைக் கேட்டுவிட்டு, "தம்பி, உனக்குக் குரல் இருக்குடா, எங்க கொயருக்கு வா" என்று இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். இங்கிலாந்தின் பெரிய தேவாலயங்களில் பைபிள் சங்கீதங்களை நாள் தவறாமல் மாலையில் பாடுகிற முறை ஒன்று உண்டு, அதை மாதத்தில் ஒரு ஞாயிறு ஆறு மணிக்கு இரவல் தேவாலயம் ஒன்றில் பாடுகிற சின்னக் குழு. இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒரு வசனம் எங்கள் பக்கம், அடுத்த வசனம் எதிர்ப்பக்கம். தாளம் கிடையாது, ஒரு வரி முழுவதையும் ஒரே சுரத்தில் பேசுகிற வேகத்தில் பாடிக்கொண்டு போய்க் கடைசியில் மட்டும் திருப்புவார்கள். வசனத்தின் நடுவில் ஒரு சின்ன மௌனம் வரும். அதை யாரும் கைகாட்டி எண்ணுவதில்லை, எல்லாரும் ஒன்றாக மூச்செடுத்து ஒன்றாக மறுபடி தொடங்குவார்கள், எப்படித்தான் என்று கேட்காதீர்கள்.

முதல் நாளே கேத்தரின் கேட்டார், "உனக்கு இசைக்குறி வாசிக்கத் தெரியும்தானே?"

"ஓம்" என்றேன். நான் வேறு என்ன சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் ஆர்னேயின் இடது பக்கத்தில் நின்று சமாளித்தேன். அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, நானும் அவரும் ஆண்களில் ஒரே உச்சக்குரல் பகுதி. அவர் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் தொடும் சுரத்தை ஒரு மயிரிழை பிந்தித் தொடுவேன். களவுதான் அது. ஆர்னேயிடம் ஒரே ஒரு குறை. ஆங்கில டபிள்யூவை உதடு குவித்துச் சொல்ல அவருக்கு வராது, மேற்பல்லால் உதட்டைக் கடித்து வீ ஆக்கிவிடுவார். சங்கீத வசனங்களிலோ கெட்டவர்களைப் பற்றிய பேச்சு கொஞ்சமல்ல, wicked என்ற அந்த ஆங்கிலச் சொல் அவர் வாயில் கிரிக்கெட் விக்கெட் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் செல்வின் அண்ணை புத்தகத்துக்குப் பின்னால் குனிந்து, "அடுத்த விக்கெட்டும் விழுந்துருச்சு" என்பார். கேத்தரின் எத்தனையோ தரம் திருத்திப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்.

போன மாரிக்குளிரில் ஆர்னேக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவரிடம் ஒரு கிசுகிசுப்பு மட்டும்தான் மிஞ்சியிருந்தது, அதுவும் கிட்டப் போனால்தான் கேட்கும். ஆவணியில் எங்கள் குழு இங்கிலாந்துக்குப் போவதாக இருந்தது, அங்கே ஒரு பெரிய தேவாலயத்தின் சொந்தப் பாடகர்கள் விடுமுறையில் போகும் வாரம் அவர்களுடைய இடத்தில் நின்று பாட. ஆர்னே இருபது வருடமாகக் காத்திருந்த பயணம் அது. அவருடைய இடத்தைக் கொஞ்சநாள் பொறுத்து வையுங்கள், குரல் திரும்பினாலும் திரும்பும் என்று பெரித் கேட்டிருந்தார். வைகாசி மாதப் பாட்டுக்கு முன் கேத்தரின் என்னைத் தனியே கூப்பிட்டு, "இனியும் பொறுக்க ஏலாது, கஜன். ஞாயிறு நீ தனியாப் பாடுறதைக் கேட்டுப்போட்டு முடிவெடுக்கிறன்" என்றார். எங்கள் பக்கத்து வரிசையில் அந்தப் பகுதிக்கு நான் மட்டும்தான் எஞ்சியிருந்தேன். ஆர்னே இல்லாத மாதங்களில் பரீட்சை, சளி, தடிமன் என்று சாட்டுச் சொல்லித் தப்பியிருந்தேன்.

ஆர்னேயின் குரல் திரும்பக்கூடாது என்று அந்த வாரம் நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

இதற்குள் அம்மா வேறு. செல்வின் அண்ணையின் பேச்சைக் கேட்டு நானும் வீட்டில் "சங்கீதம் பாடப் போறன்" என்றே சொல்லி வந்தேன், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், தங்கள் வேதத்தில் இருக்கும் பாட்டுகளைச் சொல்லும் சொல் அது. அம்மாவோ மகன் கர்நாடக சங்கீதம் படிக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. அந்த ஞாயிறு கச்சேரிக்கு என்று பட்டுச்சேலை கட்டித் தலையில் பூவும் வைத்துக்கொண்டு தேவாலய வாசலில் வந்து நிற்கிறார். "என்னடா, மிருதங்கக்காரர் இன்னும் வரேல்லையோ?" என்றார். நான் அவரைக் கடைசி வரிசையில் இருத்தினேன். இடம் முன்னாலும் இருந்தது.

வெளியே நல்ல வெயில். சன்னல்களால் வெளிச்சம் வந்து எதிர்வரிசைக்காரரின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, இருட்டில் நடந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். சங்கீதம் தொடங்க முன்னமே நான் முடிவெடுத்திருந்தேன், சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைப்பது, கேட்டால் தடிமன் என்று சொல்வது. முதல் வசனம் எங்கள் பக்கம். கேத்தரின் கை உயர்ந்தது, வாயைத் திறந்தேன், என் வாய் இருந்த இடத்திலிருந்து ஆர்னே பாடினார்.

அவரைப் போல ஒரு குரல் இல்லை, அவரேதான். வரியின் கடைசியில் திரும்பும்போது கொஞ்சம் முன்னதாகவே சாய்கிற அந்தச் சாய்வு, அந்த நெஞ்சுக் கனம், எல்லாம். எதிர்ப்பக்கம் பாடும்போது நின்றது, எங்கள் முறை வந்ததும் மறுபடி தொடங்கியது. புத்தகத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையின் விரலைத் தொண்டையில் வைத்துப் பார்த்தேன். தொண்டை அசையவே இல்லை, கல்லைத் தொட்டதுபோல இருந்தது, சத்தம் மட்டும் என் உதட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கடைசி வசனங்களில் ஒன்றில், நடுவில் வரும் மௌனத்தில், வேண்டுமென்றே வாயை இறுக்கி மூடினேன். எல்லாரும் மூச்செடுத்தார்கள். என் மூடிய வாய்க்கு முன்னால் குரல் மறுபடி எழுந்து தெளிவாக "விக்கெட்" என்றது. செல்வின் அண்ணை திரும்பி என் வாயைப் பார்த்தார். அவர் அன்று சிரிக்கவில்லை.

முடிந்ததும் கேத்தரின் நேராக என்னிடம் வந்தார், கண் கலங்கியிருந்தது. "ஒன்றரை வருஷமா இதை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தாய்? ஆர்னேயின்ரை வீயைக்கூட விடாமல் பிடிச்சிருக்கிறாய். இங்கிலாந்துக்கு நீதான் வாறாய்."

நான் சொல்ல வேண்டியது எத்தனையோ இருந்தது. "தக்" என்றேன், நன்றி.

வாசலில் செல்வின் அண்ணை என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "டேய், உன் வாய் மூடியிருந்துச்சுடா. நான் பாத்தேன். அது யாருடா பாடுனது?"

"நீங்கள் பிழையாப் பாத்திட்டியள் அண்ணை."

"எனக்கு என்ன கண்ணு பொட்டையா? ஆர்னே குரல்டா அது!"

"தடிமன் அண்ணை, அதாலை குரல் மாறிட்டுது" என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். சுரங்க ரயிலில் அம்மா தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், மகன் வேதத்துக்கு மாறிவிட்டான் என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். ஹெல்ஸ்பிரு நிலையம் தாண்டும்போது மெல்லக் கேட்டார், "தம்பி, அது உன்ரை குரல் இல்லையெல்லே?"

"வேற பாசையிலை பாடேக்கை குரல் மாறும் அம்மா."

"அப்பிடியோ?" என்றார். நம்பிவிட்டார். கடிதங்களை நம்பியதுபோல.

செவ்வாய்க்கிழமை புருசெத் கடைத்தொகுதியில் பெரித்தைக் கண்டேன், நிற்காமல் போகத்தான் பார்த்தேன், அவர் கையைப் பிடித்துவிட்டார். ஞாயிறு காலையிலிருந்தே ஆர்னே நிலைகொள்ளாமல் இருந்தாராம், "பெடியன் இண்டைக்குத் தனிய நிக்கப்போறான்" என்று அந்தக் கிசுகிசுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். ஆறு மணி தாண்டியதும் குசினி மேசையில் சங்கீதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பாடத் தொடங்கிவிட்டாராம். முழுக்குரல். "ஒண்டை விட்டு ஒண்டுதான் பாடினவர், கஜன். நடுவிலை மற்றாக்கள் பாடி முடியுமட்டும் சும்மா இருந்து பாத்துக்கொண்டிருந்தவர். நான் அழுதுகொண்டு துரொண்ட்ஹெய்மிலை இருக்கிற மகளுக்குப் போன் எடுத்து அவற்றை வாய்க்குக் கிட்டப் பிடிச்சனான். குரல் வந்திட்டுது எண்டு நினைச்சம்."

அதன் பிறகு அந்தக் கிசுகிசுப்பும் இல்லை. கடைசி வசனத்தோடு ஒன்றும் இல்லை. குரல் எழும்ப அந்தத் தொண்டையில் எதுவுமே இல்லை, பாடியிருக்கச் சாத்தியமே இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். பெரித் என் முகத்தையே பார்த்தார். "நீ தனிய நிக்கிறது அவருக்கு ஏன் அவ்வளவு கவலை? உனக்கு ஏதும் தெரியுமே?"

பதினொரு வயதுக்குப் பிறகு முதல்முறையாக நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். "தெரியாது" என்றேன். அதுவும் பொய்.

ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரித் கோப்பி போடப் போன நேரம் ஆர்னே ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி என் பக்கம் தள்ளினார்: டபிள்யூ இந்தமுறை சரியாக வந்ததா? ஓம் என்று தலையாட்டினேன். அவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார், கடுதாசியைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு இசைக்குறி வாசிக்கத் தெரியாது என்பது அவருக்கு எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. இங்கிலாந்துக்கும் போகவில்லை, வேலையில் லீவு தரவில்லை என்று கேத்தரினுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன், அந்த இடம் வெறுமையாகவே போய் வந்தது. உண்மையை எழுதுவது இதுதான் முதல்முறை, ஆர்னேயும் பெரித்தும் தமிழ் வாசிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில். இன்றைக்கும் யாராவது என் பேச்சைப் பாராட்டினால் விரல் தானாகத் தொண்டைக்குப் போய்விடுகிறது, அசைகிறதா என்று பார்க்க.

போன கிழமை அந்தப் புத்தகத்தைத் திறந்து, அன்று எங்கள் பக்கத்துக்கு வந்த வசனங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். கோப்பி போடவோ, கதவைச் சாத்து, நல்லா நித்திரை கொண்டியே என்று ஒரு மனிசன் தன் மனிசியிடம் மிச்சக் காலம் முழுக்கச் சொல்வதற்கு வைத்திருந்த குரல் எனக்காகச் செலவாகிப்போனது, மொத்தம் பதின்மூன்று வசனம்.